வண்டிக்கு அடியில் விரித்த அட்டை

எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், கோத்து எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஒன்றைச் சொல்ல உட்கார்ந்தால் பின்னால் நடந்தது முன்னால் வந்து நிற்கும், முன்னால் நடந்தது மறந்தே போயிருக்கும். இது வண்டி விவகாரம் வேறு. அதன் உறுப்புகளுக்கெல்லாம் எனக்குப் பெயர் அரைகுறையாகத்தான் தெரியும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு ஆளை மட்டும் பார்க்க வேண்டும். ஆள் பெயரை எழுத மாட்டேன். யாராவது தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற மனுஷன் அவர். எனக்கும் கூச்சம்தான்.

எங்கள் ஊர் வடக்கனந்தலுக்குப் பக்கம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற காலத்தில் எங்கள் தெருப் பெண்களைக் கல்வராயன் மலைக்கு வேலைக்கு ஏற்றிப்போனது அவருடைய குட்டியானை வண்டி. விடியக் கருக்கலில் கிளம்பினால் கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, வெள்ளிமலைப் பக்கம் காட்டில் இறக்கிவிடுவார். சாயங்காலம் எங்களையும், கூடவே சில கிழங்கு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். அவர் வீட்டுச் சந்துக்குள் வண்டி நுழையாது. அதனால் என் வீட்டை ஒட்டிய காலி மனையில்தான் நிறுத்துவார். எதிர்ச்சந்தில் முதல் வீடு அவருடையது. என் வாசலில் நின்றால் அவர் வாசல் தெரியும்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் முகம் ஞாபகம் வருவதில்லை. மண்ணில் முட்டி போட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கிற முதுகுதான் ஞாபகம் வருகிறது. தினமும் வண்டியை எடுக்கும் முன்னால் அப்படிப் பார்ப்பார். கையில் செல்போன் வெளிச்சம். பெண்கள் எல்லாம் சோற்றுத் தூக்கோடு ஏறி உட்கார்ந்திருப்போம்.

"இன்னாடா, தெனமும் வண்டிக்கு வுழுந்து கும்புடுற? வரம் கிரம் குடுத்துச்சா?" என்பாள் செல்லம்மா. எங்கள் கூட்டத்தில் வாய் அவளுக்குத்தான்.

"வரம் வாணாம்க்கா. மலையில ஏறச் சொல்ல அதுக்கு வயித்தால போவாம இருந்தா போதும்."

சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். தரையில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தால் அதை விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, முகர்ந்து பார்ப்பார். எண்ணெயா, தண்ணீரா, இல்லை ஏதாவது நாய் காலைத் தூக்கிவிட்டுப் போனதா என்று தெரிந்துகொள்ளாமல் சாவியைத் திருக மாட்டார்.

"எங்க போச்சி?" இதுதான் அவருடைய பேச்சு. ஒன்று காணாமல் போனால் மற்றவர்கள், போனால் போகுது என்று விடுவோம். அவரால் விட முடியாது. போனது எங்கேயோ போய்த்தானே நிற்கும் என்பார்.

ஒருமுறை மலைக்காட்டில் ஒரு பெண்ணின் மூக்குத்தி விழுந்துவிட்டது. தாய் வீட்டில் போட்டது, அழுதுகொண்டே வந்தாள். தேடிப் பார்த்து, மண்ணோடு போயிற்று என்று நாங்களே சமாதானம் சொல்லி ஏறிவிட்டோம். பாதி வழி இறங்கியதும் அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"நீ குனிஞ்சி கட்டுனது எந்த மூட்ட?" என்று கேட்டார்.

"தெரியலண்ணா. அவ்ளோ மூட்டயில எத்தன்னு சொல்ல?"

"மூக்குத்திக்கு காலு மொளச்சி போவல. மண்ணுல இல்லன்னா மூட்டயிலதான். எறங்குங்க."

எல்லா மூட்டையையும் சாலையோரம் அவிழ்த்துக் கொட்டினோம். செல்லம்மா திட்டாத திட்டில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கிழங்கின் முடிச்சில், மண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு இருந்தது அந்த மூக்குத்தி. அவள் கையில் அதைக் கொடுத்தபோதும் அவர் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. இளைப்பாறின மாதிரிதான் இருந்தார். அவருக்கு அதுதான் போலும். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்தால் மூச்சு முட்டும்.

அவருக்கு ஒரே பெண் குழந்தை. அப்போது மூன்று வயது இருக்கும். பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நன்றாகத்தான் தின்னும். ஆனால் உடம்பில் ஒட்டாது. கை மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கும். பால்வாடியில் எடை போடுகிற அன்றைக்கெல்லாம் அவர் வேலைக்குப் பிந்துவார்.

"தின்னதெல்லாம் எங்க போவுதுக்கா?" என்று என்னிடம் கேட்பார். "இட்லி உள்ள போவுது, முட்ட உள்ள போவுது. எங்க நிக்குது?"

எனக்கு என்ன தெரியும்? அப்போது என்னிடம் ஒரு பால் ஆடு இருந்தது. நெற்றியில் வெள்ளை இருந்ததால் சுட்டி என்று பெயர். ஆட்டுப்பால் குடித்தால் பிள்ளைக்குச் சதை பிடிக்கும் என்று சொல்லி, சாயங்காலம் கறந்து காய்ச்சி ஒரு டம்ளர் பாப்பாவுக்குக் கொடுத்துவிடுவேன். மிச்சம் என் டீத்தண்ணிக்கு. பாப்பா என் டம்ளரிலேயே வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து குடிக்கும். உதட்டுக்கு மேலே வெள்ளையாக மீசை இருக்கும். வேலை முடிந்து வருகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். அந்த ஒரு நேரம்தான் அவர் முகம் விரிந்து நான் பார்த்தது.

அந்த வருஷம்தான் வண்டியில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது.

வண்டிக்கு ஊற்றுவது வெறும் தண்ணீர் இல்லை. பச்சையாக, கோடையில் விற்கிற சர்பத் மாதிரி ஒன்று. கூலன்ட் என்பார்கள். எஞ்சின் சூட்டை அதுதான் வாங்கிக்கொண்டு போய் முன்னால் ஆற்றிவிட்டு வருமாம். அதற்கென்று ஒரு வெள்ளை டப்பா, அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல் கோட்டுக்கு ஊற்றிவிட்டுப் போவார். மறுநாள் காலையில் பார்த்தால் நடுவில் நிற்கும். அடுத்த நாள் கீழ்க்கோடு.

"வெறுந்தண்ணிய ஊத்திக்கினு போயேன் தம்பி, ஆத்துல இல்லாத தண்ணியா?" என்று நான்தான் ஒருநாள் கேட்டேன்.

"வெறுந்தண்ணி ஊத்துனா உள்ள துரு புடிச்சிக்கும்க்கா. மேட்டுல சீக்கிரம் கொதிச்சிடும்." மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். லேசாக இனிப்பு வாசனை. "வாயில கீயில வச்சிடாத. தித்திப்பாத்தான் இருக்கும். ஆனா வெசம்."

அந்தப் பாட்டிலை அவர் வீட்டில் பரண் மேல்தான் வைப்பார். பாப்பா கைக்கு எட்டிவிடும் என்று பயம். பரணுக்கு ஏற ஸ்டூல் வேண்டும் என்பதால் ஸ்டூலையும் மேலே தூக்கிப் போட்டுவிட்டார் என்று அவர் சம்சாரம் சொல்லிச் சிரிக்கும்.

தண்ணீர் குறைந்தால் மலையில் என்ன ஆகும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஒருநாள் ஏற்றத்தில், வளைவுக்கு மேல் வளைவாகப் போய்க்கொண்டிருக்கும்போது பாட்டை நிறுத்தினார். "யாரும் பேசாதீங்க" என்றார். பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் கண் ரோட்டுக்கும் சூடு காட்டுகிற முள்ளுக்கும் மாறிமாறி ஓடியது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் வெறும் காற்று. வண்டி இழுக்க முடியாமல் முனகியது. கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். முன்பக்கமிருந்து உஸ்ஸென்று சத்தம், ஆவி.

எல்லாரும் இறங்கி மலைப்பக்கமாக ஒண்டிக்கொண்டோம். கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் எதுவுமே செய்யாமல் நின்றார். செல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடா மரமாட்டம் நிக்கிற? மூடியத் தொறந்து ஒரு கொடம் ஊத்துனா ஆவுது. மேஸ்திரி அர நாள் கூலியப் புடிச்சிக்குவான்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையைச் சுருட்டிப் பிடித்து மூடியில் கை வைக்கப் போனாள்.

"கைய எடு!"

அவர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை. செல்லம்மாவே பயந்துவிட்டாள். அவர் சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். முழங்கைக்கு உள்பக்கம் தோல் வழித்தெடுத்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"லாரியில கிளீனரா இருக்கச் சொல்ல தொறந்தேன். கொதிக்கிற தண்ணி மூடிய தள்ளிக்கினு மூஞ்சிக்குத்தான் வரும். கைய குறுக்க வச்சதால கண்ணு பொழச்சிச்சி. ஆறட்டும். நேரமானா ஆவட்டும்."

புறங்கையை மெதுவாகக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார், எடுத்துவிடுவார். மறுபடி பார்ப்பார். புறங்கை வைத்து எடுக்காமல் நிற்கிற அளவுக்கு ஆறின பிறகுதான் மூடியைக் கொஞ்சமாகத் திருகி, காற்றை விட்டு, அப்புறம் திறந்து ஊற்றினார். எஞ்சினை ஓடவிட்டு மெல்ல மெல்ல ஊற்றினார். "எங்க போச்சி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று ராத்திரி நிறைத்து வைத்தது அது.

அதிலிருந்து எங்களுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. வண்டி ஏறும்போதெல்லாம் பேச்சு குறைந்துபோயிற்று. ஏற்றத்தில் ஒவ்வொருத்தியும் முள்ளைப் பார்க்கக் கழுத்தை நீட்டுவோம்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரப்பர் குழாய்களை அமுக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கவ்விகளை முறுக்கினார். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினார். முன்னால் இருக்கிற சல்லடையில் அடைத்திருந்த கிழங்குத் தூசியைத் தண்ணீர் அடித்துக் கழுவினார். இருந்தும் குறைந்தது. அடியில் குனிந்து பார்த்தால் மண் காய்ந்து கிடக்கும். அதுதான் அவரைப் பைத்தியமாக்கியது. ஒழுகினால் ஈரம் இருக்க வேண்டுமே.

கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். வெளியே சொட்டவில்லை என்றால் எஞ்சினே உள்ளே குடிக்கிறது, அதன் தலையை இறக்கிப் பிரித்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் வண்டியில் அவர் எங்களிடம் சொன்னது:

"உள்ள குடிச்சா ஆயில் டீத்தண்ணியாட்டம் வெளுக்கணும். பொக வெள்ளையா வரணும். டப்பாவுல முட்ட முட்டயா கொப்புளிக்கணும். மூணும் இல்ல. அப்ப எங்க போச்சி?"

"ஆவியா போயிருக்கும், வுடேன்" என்றாள் செல்லம்மா.

"ஆவி எங்க போச்சி?"

"என் தலையில! ஓட்டுடா கம்முனு."

அப்புறம்தான் அட்டை விரித்தார். கடையில் கேட்டு வாங்கிய பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, சாயங்காலம் நிறுத்தியதும் எஞ்சினுக்கு நேர் கீழே விரித்து வைத்தார். மண் ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் அட்டையில் கறை தெரியும் என்று கணக்கு.

காலையில் பார்த்தால் அட்டையின் ஒரு பக்கத்தைக் காணோம்.

"யக்கா! ஒன் ஆடு அட்டைய தின்னுடுச்சி!"

ஆடு அட்டையைத் தின்னாமல் என்ன செய்யும்? சுவரொட்டியைத் தின்னும், சிமெண்டுக் காகிதத்தைத் தின்னும். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு ஒரே ஒரு முறை அவரும் சிரித்தார். வேறு அட்டை கொண்டுவந்து நான்கு மூலைக்கும் கல் வைத்தார். மறுநாள் ஓரமெல்லாம் அப்படியே இருந்தது, நடுவில் மட்டும் கிண்ணம் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் காய்ந்திருந்தது. அவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதையோ கேட்க வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். மலைக்கு நேரமாகிறது என்று செல்லம்மா கத்தினாள். அட்டையை என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது சுட்டி நடக்க முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. காலை அகட்டி வைத்து நிற்கும், ஒரு பக்கம் சாயும்.

"குடிச்சவனாட்டம் ஆடுது பாரு" என்றாள் செல்லம்மா. "மரவள்ளி எலடி. வண்டியில ஒட்டிக்கினு வந்தத தின்னுருக்கும்."

மரவள்ளி விளைகிற பூமியில் ஆடு படுத்தால் யாருக்கும் வேறு நினைப்பு வராது. இலை விஷம் என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். வெல்லத்தைக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினேன். அது பாட்டுக்குத் தண்ணீர் குடித்தது. சட்டி சட்டியாகக் குடித்தது. அப்போதும் மடியில் கொஞ்சம் பால் கட்டியிருந்தது. கறந்து காய்ச்சி வழக்கம்போல் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. ஆடு எழவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டது. எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மரவள்ளி இலை தின்ற ஆடு அரை நாள் தாங்காது. வயிறு உப்பி, நுரை தள்ளி, அத்தோடு சரி. இது ஏன் இழுத்துக்கொண்டு கிடக்கிறது? பொழுது சாய மடியில் கை வைத்துப் பார்த்தேன். பீய்ச்சினதில் அரை டம்ளர்கூட வரவில்லை. பாப்பா டம்ளருக்காக வந்து நின்றதால் இருந்ததைக் காய்ச்சி அதற்கே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஓடிற்று.

வண்டி வந்து நின்றது. பெண்கள் இறங்கிப் போனார்கள். அவர் நேராக ஆட்டிடம் வந்தார்.

"எல தின்னது இன்னும் உசிரோட கீதா?"

"அதான் தம்பி தெரியல. தண்ணியா குடிச்சிக்கினு கெடக்குது."

அவர் குந்தி உட்கார்ந்து ஆட்டின் தாடியைப் பிடித்து முகர்ந்தார். பிறகு எழுந்து, சுவரில் சாய்த்திருந்த அட்டையை எடுத்துக்கொண்டு போனார். முன்பு வைத்திருந்த கற்களின் தடம் மண்ணில் அப்படியே இருந்தது. அந்தத் தடத்தில் மூலைகளைப் பொருத்தி அட்டையை வைத்து, அதன் மேல் மல்லாக்கப் படுத்து, ஓட்டை இருந்த இடத்துக்கு நேரே தலையை நகர்த்தி மேலே பார்த்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்தார்.

"யக்கா! இங்க வா! கண்டுபுடிச்சிட்டன்!"

நானும் குனிந்து பார்த்தேன். தண்ணீரைச் சுற்றிவிடுகிற பம்பு ஒன்று இருக்கிறதாமே, அதன் அடியில் ஒரு சின்னத் துளை. அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்த மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, அவர் நெற்றியில் விழுந்தது.

"சூடா இருக்கச் சொல்லதான் வுடுது. ஓடச் சொல்ல சொட்டுனா சூட்டுல காஞ்சிடுது. நிறுத்துனதும் கீழ வருது. ஆறுனதும் நின்னுடுது. அதான் காலையில ஒண்ணும் தெரியல." சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனார். "கீழ வுழுந்தது மட்டும் எங்க போச்சின்னு..."

அட்டையின் ஓட்டையில் விரலை விட்டார். ஆடு கடித்த பல் தடம் சுற்றிலும் இருந்தது. தித்திப்பாக இருந்த இடத்தை மட்டும் தின்றிருக்கிறது. அட்டை போடாத நாளெல்லாம் மண்ணை நக்கியிருக்கிறது.

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"யக்கா. பால் கறந்தியா?"

"கறந்தேன்."

"அந்தப் பாலு எங்க போச்சி?"

நான் அவர் வீட்டு வாசலைத்தான் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார். பாப்பா படியில் உட்கார்ந்து, காலியான டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டிருந்தது.

அவர் ஓடினார். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பரணிலிருந்து அந்தப் பச்சைப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, சம்சாரத்தை வரச்சொல்லிக் கத்தினார். என்னைப் பார்த்து, "நீயும் ஏறு. நீயும் குடிச்சிருக்க" என்றார். அந்த நேரத்திலும் என்னையும் கணக்கில் சேர்த்தார்.

அன்றைக்கு அவர் குனிந்து பார்க்கவில்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. என் குடத்துத் தண்ணீரைப் பின்னால் ஏற்றினார், அவ்வளவுதான். மலையிறங்கி வந்த சூடே ஆறவில்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. பாதி வழிகூட வந்திருக்க மாட்டோம், முன்பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. உஸ்ஸ்.

நிறுத்தி இறங்கினார். துண்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மூடிக்குப் போனார். ஆவி கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. குழந்தை அம்மா மடியில் கிடந்தது. தூங்குகிறதா, மயக்கமா என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் ஆம்பளை கையைத் தொட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கைய எடு தம்பி."

"வுடுக்கா. ஆறுறவரைக்கும் நிக்க முடியாது."

"கண்ணு பூட்ச்சின்னா புள்ளய எத்த வச்சி பாப்ப? எடு."

கையை இறக்கினார். நல்லவேளை, பின்னாலேயே ஒரு டவுன் பஸ் வந்தது. நடுரோட்டில் நின்று மறித்தார். வண்டியை, சாவி தொங்கியபடியே, ரோட்டோரம் விட்டுவிட்டு ஏறினோம். ஒரு சொட்டு எங்கே போயிற்று என்று தேடுகிற மனுஷன் முழு வண்டியை விட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டது. பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தது. எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று என்னிடம் கேட்டது. பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், ஒண்ணுக்குப் பிடித்தார்கள். எனக்கும்தான். வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர் குழந்தையின் கட்டில் பக்கத்தில் நின்றபடியே இருந்தார். மலையில் எஞ்சின் சூடு பார்க்கிற மாதிரி புறங்கையை அதன் நெற்றிக்குக் கொண்டுபோவார், எடுப்பார், மறுபடி கொண்டுபோவார்.

காலையில் பாப்பா எழுந்து பசிக்கிறது என்றது. ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ஆடு குடித்தது பாலில் எவ்வளவு இறங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிறுநீரகத்தைத்தான் அது பாதிக்கும், கொஞ்ச நாள் கழித்து மறுபடி கொண்டுவந்து காட்டுங்கள் என்றது டாக்டரம்மா. "கொஞ்ச நாள்னா எப்ப?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஊருக்குத் திரும்பினால் சுட்டி செத்துக்கிடந்தது. செல்லம்மா வீட்டு ஆட்கள் கத்தியோடும் சட்டியோடும் நின்றார்கள்.

"எல தின்ன ஆடுதான? கொடல எடுத்துப் போட்டுட்டு கறிய பங்கு போட்டுக்கலாம்" என்றாள் செல்லம்மா. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

"எல இல்லக்கா. வண்டித் தண்ணி" என்றார் அவர். "கறி எங்க போவும், சொல்லு. ஒன் வயித்துக்கு. ஒன் புள்ளைங்க வயித்துக்கு. மிச்சம் நாயிக்கு." அவரே குழி வெட்டினார். இடுப்புக்கு மேல் ஆழம் வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடி, மேலே கல் அடுக்கினார். வண்டி நின்ற இடத்து மண்ணையும் வெட்டி அதே குழியில் கொட்டினார்.

ரோட்டோரம் விட்ட வண்டியை மீட்டுவந்து பம்பை மாற்றினார். தண்ணீர் மேல் கோட்டிலேயே நின்றது. நாங்கள் மலைக்குப் போனோம், வந்தோம். முள் ஏறவில்லை. ஆனால் வண்டியை அப்புறம் என் வீட்டுப் பக்கம் நிறுத்தவில்லை. ஆடு மாடு வராத இடமாகத் தேடி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிப் பலகை வைத்து அடைத்துவிடுவார். என்மேல் அவருக்குக் கோபம் இல்லை. காலையில் எல்லாப் பெண்களும் ஏறி உட்கார்ந்த பிறகு, கீழே நின்றுகொண்டு சத்தமாக, "யக்கா, ஒண்ணுக்கு நல்லா போவுதா?" என்று கேட்பார். செல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு முந்தானையில் முகத்தை மூடிக்கொள்ளலாம் போல் இருக்கும். தலையை மட்டும் ஆட்டுவேன். நான் ஆட்டினால்தான் வண்டி கிளம்பும்.

அந்தப் பருவம் முடிந்ததும் மணலூர்பேட்டைப் பக்கம் சம்சாரத்தின் ஊருக்கே போய்விட்டார்கள். கரும்பு லோடு கிடைக்கிறது என்று சொன்னார். கிளம்புகிற அன்றைக்கு பாப்பா என்னிடம் அந்த டம்ளரைக் கேட்டது. கொடுத்தேன். மறுபடி காட்டச் சொன்னார்களே, காட்டினாயா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்டால் அந்த மனுஷனுக்கு மறுபடி பயத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகும் என்று கேட்கவில்லை. அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்கு இன்றுவரை ஒன்றும் இல்லை. ஆனால் என்னுடையது கிழட்டு உடம்பு. அது மூன்று வயசுப் பிள்ளை.

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருப்பது. இதில் தப்பு இருக்கும். அந்தத் துளை பம்பில்தான் இருந்ததா, நான் குழாயைப் பார்த்துவிட்டுப் பம்பு என்கிறேனா என்று வண்டி தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அந்தத் தண்ணீர் பாலில் இறங்குமா, காய்ச்சினால் போகுமா என்று படித்தவர்கள் பாருங்கள். மணலூர்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் யாராவது, கரும்பு வண்டியை எடுக்கும் முன்னால் கன்னம் மண்ணில் படக் குனிந்து பார்க்கிற ஒருத்தரைக் கண்டால், அவரிடமே இதைப் படித்துக் காட்டினாலும் சரி. அவர் ஒரு சொட்டு விடாமல் சரிபார்த்துக் கொடுப்பார். அப்படியே, பக்கத்தில் பாப்பா நின்றால், அது நன்றாக வளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவந்து எனக்குச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.